கடலில் எரித்த எண்ணெயின் புகைக்கரியைத் தடம் பிடிப்பது எப்படி? புதிதாக லேபுக்கு வருபவர்களுக்கு

2010-ல் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய் மேடை விபத்தின்போது மெக்சிகோ வளைகுடாவில் சிந்திய எண்ணெயில் ஒரு பகுதியைக் கடலிலேயே கொளுத்தினார்கள். அந்தப் புகையின் கரி கடலடிச் சேற்றில் இருக்கிறதா, இருந்தால் அது அந்த எரிப்பிலிருந்து வந்ததுதானா என்று பார்ப்பது என் ஆய்வு. அமெரிக்கத் தென்கரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் செய்தேன். இரண்டு வருடத்தில் முடிப்பதாகச் சொல்லிச் சேர்ந்தேன், மூன்றைத் தாண்டியது. கூடுதலாகப் போன காலத்தில் பாதிக்கு மேல் என் அறியாமையால் போனது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தராத சின்னச் சின்ன விஷயங்கள். அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊரில் இதைச் சொன்னால் உடனே "எண்ணூர் மாதிரியா?" என்று கேட்பார்கள். 2017 ஜனவரியில் எண்ணூரில் சிந்தியது கப்பல் எரிபொருள். அதை வாளியில் அள்ளினார்கள், எரிக்கவில்லை. எண்ணெயை எரித்தால் அதன் வேதியியலே மாறிவிடும். இந்தக் கட்டுரை எரித்த எண்ணெயைப் பற்றியது.

1. முதலில் சந்தேக நபர்களின் பட்டியல் போடுங்கள்

லேபுக்குள் நுழைந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி, "எரிந்த எண்ணெய்க்கு மார்க்கர் (அடையாளம் காட்டும் மூலக்கூறு) எது?" நானும் கேட்டேன். அப்படி ஒரே ஒரு மூலக்கூறு கிடையாது. இதை முதல் வாரமே ஏற்றுக்கொண்டால் நிறைய நாள் மிச்சம். கரி எங்கிருந்தெல்லாம் வந்திருக்கலாம் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் கழிக்க ஒரு மார்க்கரைத் தேடுவதுதான் இந்த வேலை.

வளைகுடாவில் என் பட்டியல் இப்படி இருந்தது: எரிக்கப்பட்ட எண்ணெயின் கரி, எரியாமல் மூழ்கிய அதே எண்ணெய், கடலடியில் இயற்கையாகவே கசியும் எண்ணெய் (வளைகுடாவில் இது ஏராளம், வேதியியலும் மிகவும் ஒத்துப்போகும்), கப்பல், படகுகளின் டீசல் புகை, எண்ணெய் மேடைகளில் எரியும் வாயு, லூசியானாவில் அறுவடைக் காலத்தில் கொளுத்தும் கரும்புத் தோகை, பைன் காடுகளில் வைக்கும் தீ, கடைசியாக, மிசிசிப்பி ஆறு பாதி கண்டத்திலிருந்து அள்ளிக்கொண்டு வரும் நிலக்கரித் தூளும் நகரத் தூசும்.

எரிப்பின் அளவும் தெரிந்திருக்க வேண்டும். ஏப்ரல் 28 முதல் ஜூலை 19 வரை 411 முறை எரித்தார்கள். எரிந்தது 2,20,000 முதல் 3,10,000 பீப்பாய் வரை என்பது கணிப்பு. அந்த ஜூனில் நோவாவின் (அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு முகமை) விமானம் புகைக்குள் பறந்து அளந்தபோது, எரிந்த எண்ணெயின் எடையில் சுமார் 4 சதவீதம் கருங்கரியாக மேலே போனது தெரிந்தது. மொத்தம் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல். கேட்கப் பெரிய எண்தான். ஆனால் அது காற்றில் பரவி, பெரும் பரப்பில் இறங்கி, ஆற்றுச் சேற்றோடு கலந்தபின் உங்கள் கையிலுள்ள ஒரு கிராம் மண்ணில் எவ்வளவு இருக்கும் என்று தோராயமாகவாவது கணக்குப் போட்டுப் பாருங்கள். கருவியின் (ஜிசி-எம்எஸ், கலவையிலுள்ள மூலக்கூறுகளைப் பிரித்து நிறை அளப்பது) கண்டறியும் எல்லைக்குக் கீழே வந்தால் இடத்தை மாற்றுங்கள். நான் இந்தக் கணக்கை ஏழாவது மாதம்தான் போட்டேன்.

2. காகித வேலையை முதல் நாளே தொடங்குங்கள்

வேதியியல் படித்தவர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் என் கால அட்டவணையைக் கவிழ்த்தது இதுதான்.

*மூல எண்ணெய்.* ஒப்பிட அசல் இல்லாமல் எதையும் நிரூபிக்க முடியாது. அமெரிக்காவின் அளவீட்டுத் தர நிறுவனமான நிஸ்ட், எஸ்ஆர்எம் 2779 (எஸ்ஆர்எம் என்றால் ஒப்பிடுவதற்கான தர மாதிரி) என்ற பெயரில் அந்தக் கிணற்றின் எண்ணெயையே சான்றளித்து விற்கிறது. 2010 மே 21 அன்று கிணற்றிலிருந்து குழாய் வழியாகக் கப்பலுக்கு எடுத்தது. சின்ன ஆம்பூல்களில் வரும், எரித்துப் பார்க்கவெல்லாம் போதாது. கருவியில் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே எஸ்ஆர்எம் 1650பி (டீசல் கரி), எஸ்ஆர்எம் 1941பி (கடற்படிவு) இரண்டையும் வாங்கச் சொல்லுங்கள். முதலாவது உங்கள் சந்தேக நபர்களில் ஒருவரின் கைரேகை. இரண்டாவது, உங்கள் கை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க. பல்கலைக்கழகக் கொள்முதல் பிரிவு வழியாகப் போனால் ஆர்டர் கைக்கு வர ஒன்றரை மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*பழைய மாதிரிகள்.* 2010, 2011-ல் எடுத்த படிவுகள் பல லேப்களின் ஃப்ரீசர்களில் தூங்குகின்றன. கேட்டால் தருவார்கள், ஆனால் இரண்டு பல்கலைக்கழகங்களின் சட்டப் பிரிவும் பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு ஒன்று மூன்று வாரத்தில் வந்தது, இன்னொன்று ஐந்து மாதம். இடையில் யாரிடம் கோப்பு நிற்கிறது என்று கேட்டு வாரம் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தொந்தரவாகத் தோன்றும், பரவாயில்லை.

*டைகுளோரோமீத்தேன்.* கரைப்பானாக இதைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துவீர்கள். 2024 மே மாதம் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதன் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடை போட்டது. லேப்கள் பயன்படுத்தலாம், ஆனால் எழுத்திலான பாதுகாப்புத் திட்டமும் காற்றில் எவ்வளவு இருக்கிறது என்ற அளவீடும் வேண்டும். எட்டு மணி நேரச் சராசரி 2 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) தாண்டக் கூடாது. உங்கள் லேபில் அந்தத் திட்டம் இருக்கிறதா என்று சேரும்போதே கேளுங்கள். இல்லையென்றால் எழுதும் வேலை புதிதாக வந்த உங்கள் தலையில்தான் விழும்.

*எரிக்க அனுமதி.* எண்ணெயை நீங்களே சிறிதளவு எரித்துக் கரி எடுக்க நினைத்தால் தீயணைப்புப் பாதுகாப்பு அதிகாரியின் கடிதம் தேவை. எனக்கு ஏழு வாரம்.

*அனுப்புவது.* கரைப்பானில் இருக்கும் மாதிரியைச் சும்மா கூரியரில் போட முடியாது. டைகுளோரோமீத்தேனுக்கு ஐநா எண் 1593, உலர்பனிக்கு 1845. ஆபத்தான பொருள் அனுப்பப் பயிற்சிச் சான்று உள்ளவர்தான் பெட்டியைக் கட்டி ஒட்ட வேண்டும். துறையில் அப்படி ஒருவர் இருப்பார். அவரோடு முதலிலேயே நட்பாகிவிடுங்கள்.

*கைமாற்றுப் படிவம்.* மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்கு எந்த நேரத்தில் போனது என்று எழுதும் தாள். ஒரு நேரம் விடுபட்டால்கூட அந்த மாதிரியின் முடிவைப் பின்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

3. செலவில்லாத தகவலை முதலில் கறந்துவிடுங்கள்

ஒரு மாதிரியைத் தொடும் முன் மூன்று வாரம் கணினி முன் உட்காருங்கள். ஜிஆர்ஐஐடிசி என்ற வளைகுடா ஆய்வுத் தரவுக் கிடங்கிலும், நோவாவின் டைவர் தளத்திலும் ஆயிரக்கணக்கான மாதிரிகளின் அளவீடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் ஏற்கெனவே யாராவது தோண்டியிருப்பார்கள்.

புகை எந்தப் பக்கம் போனது என்று பார்க்க நோவாவின் ஹைஸ்ப்ளிட் என்ற காற்றுப்பாதைக் கணிப்பு மென்பொருள். இதுவும் இலவசம். எரிப்பின் நாள், நேரம், இடம் கொடுத்தால் அன்றைய காற்று அந்தப் புகையை எங்கே கொண்டு போயிருக்கும் என்று வரைந்து காட்டும்.

இங்கே நான் விழுந்த குழியைச் சொல்லிவிடுகிறேன். எரிப்புப் பதிவுகளில் இருப்பது வளைகுடாக் கரையின் கோடைக்கால உள்ளூர் நேரம். ஹைஸ்ப்ளிட் கேட்பது உலகப் பொது நேரம். வித்தியாசம் ஐந்து மணி. மதியம் ஒரு மணிக்கு வைத்த தீயை நான் காலை எட்டு மணிக்கு வைத்ததாகக் கொடுத்து, அதன்படி பதினான்கு பாதைகள் வரைந்து, அவற்றை நம்பி மாதிரி இடங்களைக் குறித்திருந்தேன். கடற்காற்று திரும்பும் நேரம் அது. ஐந்து மணி நேரத்தில் புகை வேறு திசைக்கே போய்விடும். ஒரு கருத்தரங்கில் முன்வரிசையில் இருந்தவர் "காலை எட்டு மணிக்கா தீ வைத்தார்கள்?" என்று கேட்டபோதுதான் உறைத்தது.

இன்னொன்று: தீயின் சூட்டில் புகை உயரமாக எழும்பும். தொடக்க உயரத்தை 10 மீட்டர் என்று மட்டும் கொடுக்காதீர்கள். சில நூறு மீட்டர், ஆயிரம் மீட்டர் என்று இரண்டு மூன்று உயரங்களில் ஓட்டிப் பாருங்கள்.

4. மாதிரி எடுப்பது

அந்த எரிப்பின் புகையை இன்று காற்றில் பிடிக்க முடியாது. உங்களுக்கு மிஞ்சியது கடலடிப் படிவு. அங்கே சேறு படியும் வேகம் மிகக் குறைவு, வருடத்துக்கு மில்லிமீட்டர் கணக்கில்தான். அதனால் சேற்றுத் தூணை 2 மி.மீ. சீவல்களாக வெட்டுவார்கள். ஒரு செ.மீ. சீவலாக வெட்டினால் பல வருடங்கள் ஒரே பையில் கலந்துவிடும், 2010 காணாமல் போகும். அடுக்கின் வயதுக்கு ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயத்தை அளக்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிணறு துளைக்கப் பயன்படுத்திய சேற்றுக் கலவையிலிருந்து வந்த பேரியமும் ஓலிஃபின் என்ற ஹைட்ரோகார்பன்களும் விபத்துக்கால அடுக்கை அடையாளம் காணக் கைகொடுக்கும்.

பிளாஸ்டிக் எதுவும் மாதிரியைத் தொடக் கூடாது. கண்ணாடிக் குப்பி, டெஃப்லான் உட்பக்கம் உள்ள மூடி, 450 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சுட்ட அலுமினியத் தாள். எடுத்த உடனே மைனஸ் 20 டிகிரி. ஜிப் பை, பாராஃபிலிம், லேபல் பசை, கையில் தடவிய கிரீம் எல்லாமே கருவியில் தெரியும். பாராஃபிலிம் சுற்றினால் மெழுகின் ஆல்கேன்கள் சீப்புப் பல் மாதிரி வரிசையாக வந்து நிற்கும். பிளாஸ்டிக்கென்றால் கருவியின் வரைபடத்தில் நிறை எண் 149-ல் ஒரு பெரிய சிகரம்.

இப்போது வெற்று மாதிரி. எல்லோரும் "பிளாங்க்" என்றுதான் சொல்வார்கள். சுட்ட மணலை ஒரு குப்பியில் போட்டு, மாதிரியை வெட்டும் இடத்தில் அதே நேரம் திறந்து வைத்து, மூடி, மற்ற மாதிரிகளோடு ஒன்றாகக் கொண்டுவந்து, ஒன்றாகவே பிரித்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான். செலவே இல்லை. என் முதல் பயணத்தில் இடம் இல்லை என்று கப்பலின் பின்தளத்தில் மேசை போட்டுச் சேற்றைச் சீவினோம். நாலு மணி நேரம். காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது கொஞ்சம் டீசல் வாசனை வந்தது, ஒருவர் மூக்கைச் சுருக்கினார், வேலை தொடர்ந்தது. லேபில் வந்து பார்த்தால் வெறும் மணலில் பைரீன் இருக்கிறது, ஹோப்பேன் இருக்கிறது. இரண்டும் நாங்கள் சேற்றில் தேடும் மார்க்கர்கள். எங்கள் கப்பலின் புகைபோக்கிதான். பதினொரு மாதிரிகளைத் தூக்கி எறிந்தோம். அந்த மணல் குப்பி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் கப்பல் புகையை விபத்தின் கரி என்று எழுதியிருப்பேன், அதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

கரியை நீங்களே தயாரிக்கப் போகிறீர்களா? தட்டில் உப்புநீர், அதன் மேல் எண்ணெய். எண்ணெய்ப் படலம் இரண்டு மூன்று மி.மீ. தடிமனாவது இருக்க வேண்டும். மெல்லியதாக ஊற்றினால் கீழே உள்ள தண்ணீர் சூட்டை உறிஞ்சிவிடும், தீ பிடிக்காது. கடலில் இதற்காகத்தான் இரண்டு படகுகள் தீத்தடுப்பு மிதவையை 'யு' வடிவில் இழுத்து எண்ணெயைக் குவித்தன. அப்புறம் ஒரு எச்சரிக்கை: சின்னத் தட்டில் காற்று தாராளமாகக் கிடைக்கும், புகை குறைவு. தீயின் அகலம் கூடினால் கரியின் விகிதமும் கூடும். அதனால் உங்கள் தட்டுக்கரி கடற்கரிக்கு நகல் ஆகாது. வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. பிரித்தெடுப்பது

செய்முறையை உங்கள் லேபில் சொல்லித் தருவார்கள். சொல்லாமல் விடுவதை மட்டும் எழுதுகிறேன்.

கரி, தன்னிடம் ஒட்டிய பிஏஹெச்களை (பல வளையங்கள் கோத்த ஹைட்ரோகார்பன்கள், லேபில் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை) லேசில் விடாது. சாதாரணச் சேற்றுக்கு டைகுளோரோமீத்தேன் போதும். கரி நிறைந்த மாதிரிக்கு டொலுயீன் நன்றாக இழுக்கும். ஆனால் டொலுயீனின் கொதிநிலை 111 டிகிரி, அதை ஆவியாக்கும் நேரத்தில் நாஃப்தலீன் போன்ற இலேசானவையும் பறந்துவிடும். முழுதாக உலர விடாதீர்கள், எப்போதும் ஒரு மி.லி. மிச்சம் இருக்கட்டும்.

டியூட்டீரியம் ஏற்றிய துணைப்பொருட்களை (நாஃப்தலீன்-டி8, ஃபெனான்த்ரீன்-டி10, கிரைசீன்-டி12, பெரிலீன்-டி12) பிரித்தெடுக்கும் முன் சேருங்கள். பின்னால் சேர்த்தால் எவ்வளவு இழந்தீர்கள் என்றே தெரியாது. கடற்சேற்றில் கந்தகம் இருக்கும், செயலூட்டிய செம்புத் துருவலைப் போடுங்கள். கறுத்தால் இன்னும் கொஞ்சம் போடுங்கள், கறுப்பது நிற்கும்வரை.

6. மார்க்கர்களைப் படிப்பது

இங்கேதான் வேலையின் ருசி இருக்கிறது. குழிகளும் இங்கேதான் அதிகம்.

முதலில் உருவத்தைப் பாருங்கள், எண்ணுக்கு அப்புறம் போகலாம். மூன்று வளையமுள்ள பிஏஹெச்சான ஃபெனான்த்ரீனின் குடும்பத்தை எடுத்து, பக்கக்கிளை இல்லாதது சி0, ஒரு கார்பன் கிளை சி1, அப்படியே சி4 வரை பட்டை வரைபடம் போடுங்கள். எரியாத எண்ணெயில் நடுவில் உள்ள சி1, சி2, சி3 உயர்ந்து மணி போல இருக்கும். எரிந்த கரியில் சி0 உயரமாக நின்று மற்றவை படிக்கட்டுப் போல இறங்கும். தீ, கிளைகளைப் பொசுக்கிவிடுகிறது. ஒரு நிமிடத்தில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இது.

அதே உருவத்தை எண்ணாக்க ஒரு குறியீடு உண்டு. கனடாவின் ஜெண்டி வாங் குழுவினர் 1990-களின் இறுதியில் கொண்டுவந்தது: மூன்று முதல் ஆறு வளையமுள்ள கிளையற்ற பிஏஹெச்களின் கூட்டுத்தொகையை, கிளையுள்ள ஐந்து குடும்பங்களின் கூட்டுத்தொகையால் வகுப்பது. எரியாத எண்ணெய்களில் இது 0.05-ஐத் தாண்டுவது அரிது. எண்ணெய் எரித்த கரியில் 0.8 முதல் 2 வரை போகும். இரண்டுக்கும் நடுவில் வந்தால் எரிந்ததும் எரியாததும் கலந்திருக்கிறது என்று பொருள். படிவில் எனக்குப் பெரும்பாலும் நடுவில்தான் வந்தது.

அடுத்து விகிதங்கள். ஃபுளோரான்தீனை, ஃபுளோரான்தீன் கூட்டல் பைரீனால் வகுங்கள். 0.4-க்குக் கீழே எரியாத எண்ணெய், 0.4 முதல் 0.5 வரை எண்ணெய்வகை எரிபொருள் எரிந்தது, 0.5-க்கு மேலே விறகு, புல், நிலக்கரி. இன்டினோபைரீனையும் பென்சோபெரிலீனையும் வைத்து இதே மாதிரி போட்டால் எல்லைகள் 0.2, 0.5. இந்த இரண்டு விகிதங்களும் ஓரளவு நிலையானவை. ஆன்த்ரசீன்-ஃபெனான்த்ரீன் விகிதத்தைப் பாடப்புத்தகம் முதலில் சொல்லும், 0.1-க்கு மேல் என்றால் எரிந்தது என்று. நான் அதைக் கடைசியில் வைப்பேன். ஆன்த்ரசீன் வெயிலில் வேகமாகச் சிதையும். கரி சில நாள் காற்றிலும் கடல் மேலும் கிடந்துவிட்டால் விகிதம் இறங்கி, எரிந்ததை எரியாதது என்று காட்டும்.

பெயரில் ஏமாற வேண்டாம், 'எண்ணெய்வகை எரிந்தது' என்ற பெட்டிக்குள் டீசல் படகும் விழும், கடலில் வைத்த தீயும் விழும். அதனால் விகிதம் மட்டும் போதாது.

ஹோப்பேன்: நிறை எண் 191-ல் பாருங்கள். கச்சா எண்ணெயில் இருக்கும் வளைய மூலக்கூறு, எளிதில் சிதையாது. எரிந்து மிஞ்சும் தார் போன்ற எச்சத்தில் நன்றாகத் தங்கும். புகையோடு போகும் எரியாத துளிகளிலும் கொஞ்சம் இருக்கும். ஹோப்பேன், ஸ்டெரேன் (அதே மாதிரி இன்னொரு வளைய மூலக்கூறு) விகிதங்களை எஸ்ஆர்எம் 2779-ஓடு, அதே நாள், அதே கருவியில் ஓட்டி ஒப்பிடுங்கள். கட்டுரையில் இருக்கும் எண்ணை எடுத்து ஒப்பிடாதீர்கள், கருவிக்குக் கருவி மாறும். பொருந்தவில்லை என்றால் அந்த எண்ணெய் இல்லை என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். பொருந்தினால் 'அதுவேதான்' என்று சொல்ல முடியாது. பக்கத்துக் கசிவுகளும் பொருந்தலாம். டீசல் புகையிலும் ஹோப்பேன் வரும், என்ஜின் ஆயிலிலிருந்து. என் மணல் குப்பியில் வந்தது அப்படித்தான்.

ரெட்டீன்: பைன் போன்ற ஊசியிலை மரம் எரிந்ததற்கு அடையாளம். இதில் ஒரு பொல்லாத சிக்கல். ரெட்டீனும் ஃபெனான்த்ரீன் குடும்பத்தின் சி4 தான், நிறை எண் 234. மென்பொருள் தானாகவே அதைச் சி4 கூட்டத்தில் சேர்த்துவிடும். படிக்கட்டாக இறங்க வேண்டிய வரைபடத்தில் கடைசிப் படி மட்டும் திடீரென்று உயர்ந்தால், எண்ணெய் என்று குதிக்காமல் அந்தச் சிகரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் ஒன்று மட்டும் ஈட்டி மாதிரி நின்றால் அது ரெட்டீன். நான் இரண்டு வாரம் 'எண்ணெய்' என்று கொண்டாடிய மாதிரி பைன் புகைதான்.

பெரிலீன்: ஆக்சிஜன் இல்லாத சேற்றில் இயற்கையாகவே உருவாகும். எரிந்த பிஏஹெச் கூட்டுத்தொகையில் சேர்க்காதீர்கள். ஆழம் போகப் போக ஏறினால் அது தீயோடு சம்பந்தமில்லாதது.

லெவோகுளுகோசான்: செல்லுலோஸ் எரிந்தால் வரும். கரும்புத் தோகையைப் பிடிக்க உதவும், ஆனால் நீரில் கரையும். கடலடிக்கு வந்து சேராததால், அது இல்லை என்பதை வைத்துக் கரும்பை விடுதலை செய்ய முடியாது.

கார்பன்-14: பெட்ரோலியத்தில் இது சுத்தமாக இல்லை, விறகிலும் தோகையிலும் உண்டு. கரியை மட்டும் பிரித்து அளந்தால் தாவரப் புகை எவ்வளவு என்று தெரியும். டீசலையும் நிலக்கரியையும் சிந்திய எண்ணெயையும் இது பிரித்துக் காட்டாது. எல்லாமே பழைய கார்பன்.

கரியைப் பிரிக்கும் முறையிலும் கவனம் தேவை. 375 டிகிரியில் காற்றோட்டத்தில் 18 முதல் 24 மணி நேரம் வைத்து, மிஞ்சுவதைக் கரி என்று எடுப்பது வழக்கம். எண்ணெயின் அஸ்ஃபால்ட்டீன் (தார் போன்ற கனமான பகுதி) நிறைந்த மாதிரியை அப்படியே அடுப்பில் வைத்தால், அடுப்புக்குள்ளேயே புதிதாகக் கரியாகிவிடும். முதலில் கரைப்பானால் எண்ணெயை நன்றாகக் கழுவி எடுத்துவிட்டு அப்புறம் வையுங்கள்.

7. பணமும் நேரமும்

நான் விசாரித்த காலத்து விலைகள், உங்களுக்கு மாறலாம். கிளையுள்ள பிஏஹெச், ஹோப்பேன் எல்லாம் சேர்த்து வெளி லேபில் அளக்க மாதிரிக்கு ஐந்நூறு டாலரிலிருந்து ஆயிரத்தை ஒட்டி. விலை குறைவாகச் சொல்பவர்கள் பதினாறு பிஏஹெச் மட்டும் அளப்பவர்கள். அந்தப் பதினாறில் கிளையுள்ளவை கிடையாது, உங்களுக்கு அது உதவாது. ஆர்டர் கொடுக்கும்போது "சி0 முதல் சி4 வரை" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கார்பன்-14-க்கு ஒன்று நானூறு ஐந்நூறு டாலர், முடிவு வர இரண்டு மூன்று மாதம். எல்லா மாதிரிக்கும் கொடுக்க வேண்டாம். மற்ற மார்க்கர்கள் குழப்பும் நாலைந்துக்கு மட்டும் போதும். பெரிய ஆய்வுக்கப்பல் நாளுக்குப் பல பத்தாயிரம் டாலர், மாணவர் பட்ஜெட்டில் நினைக்க முடியாது. வேறு யாராவது போகும் பயணத்தில் ஒரு மூலையில் தொற்றிக்கொள்ளுங்கள்.

நேரம்: சாக்ஸ்லெட் (கரைப்பானைச் சுழற்றிப் பிரித்தெடுக்கும் கண்ணாடி அமைப்பு) ஒரு சுற்றுக்கு ஆறு மாதிரி, கிட்டத்தட்ட ஒரு நாள். சுத்திகரிக்க ஒரு நாள். ஜிசி-எம்எஸ்ஸில் மாதிரிக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி, ஆனால் வரிசையில் இடம் கிடைக்க இரண்டு வாரம். இதெல்லாம் திட்டத்தில் எழுதிவிடுவோம். எழுத மறப்பது சிகரங்களைக் கையால் குறிக்கும் நேரம். தொடக்கத்தில் ஒரு மாதிரிக்கு எனக்கு மூன்று மணி ஆனது, பழகியபின் நாற்பது நிமிடம். அறுபது மாதிரி, கூடவே பிளாங்க், தரச்சோதனை. நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

8. முடிவை எழுதும்போது

"இந்தக் கரி டீப்வாட்டர் ஹொரைசன் எரிப்பிலிருந்து வந்தது" என்று எழுதினால் மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்புவார், அனுப்பத்தான் வேண்டும். நான் கடைசியில் எழுதியது: அடுக்கின் காலம் பொருந்துகிறது, காற்றுப்பாதை பொருந்துகிறது, பிஏஹெச் உருவம் எரிந்த எண்ணெயைக் காட்டுகிறது, ஹோப்பேன் மூல எண்ணெயோடு முரண்படவில்லை, கார்பன்-14 தாவரப் புகையைப் பெரும்பாலும் விலக்குகிறது, கப்பல் டீசலின் பங்கை முழுதாக விலக்க முடியவில்லை. கடைசி வாக்கியத்தை நீக்கிவிடலாமே என்று ஒருவர் சொன்னார். நீக்கவில்லை. மதிப்பீட்டாளர் முதலில் கேட்டது அதைப் பற்றித்தான், பதில் ஏற்கெனவே தாளில் இருந்தது.

திருத்தம் வரும்போது "இதை மறுபடி ஓட்டுங்கள்" என்று நிச்சயம் கேட்பார்கள். அதனால் ஒவ்வொரு சாற்றிலும் பாதியை எடுத்து வேறொரு பழுப்புக் குப்பியில் மைனஸ் 20-ல் வையுங்கள். திரவ மட்டத்தைக் குப்பியின் வெளியே எழுதுவதற்கான பட்டையில் பென்சிலால் கோடு போட்டுக் குறியுங்கள், மார்க்கர் பேனா வேண்டாம், அதன் மை கரைப்பானில் கரையும். ஆறு மாதம் கழித்து எடுக்கும்போது மட்டம் கோட்டுக்குக் கீழே இருந்தால் கரைப்பான் ஆவியாகியிருக்கிறது. உள்ளே சேர்த்த டியூட்டீரியத் துணைப்பொருளை வைத்து அதைச் சரிசெய்யலாம். மூடியைத் திறந்த தேதியையும் அதே இடத்தில் எழுதிவிடுங்கள்.